மோரா, புட்டிப் பானமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில், எடை கூடிய பதின்ம வயதுப் பிள்ளைக்கு "வயிற்றுக்கு நல்லது" என்று கொடுப்பது இரண்டு: வீட்டுத் தயிர் அல்லது மோர், இல்லையென்றால் கடைக் குளிர்பெட்டியில் கிடைக்கும் இனிப்பான புளித்த பால் பானம்.

நுண்ணுயிர் இரண்டிலும் உண்டு. புட்டியில் எந்த வகை என்று அச்சிட்டிருப்பார்கள். உறைமோர் ஊற்றிய தயிரில் அந்த உறுதி இல்லை. இதில் பானத்துக்கே முதலிடம்.

ஆனால் சர்க்கரையைப் பாருங்கள். இனிப்பில்லாத தயிரில் 100 கிராமுக்குச் சுமார் 4, 5 கிராம்தான். அதுவும் பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ், அதில் ஒரு பங்கை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. பானங்களில் பல 100 மில்லிக்கு 10 கிராமைத் தாண்டும். பெரும்பகுதி வெளியிலிருந்து சேர்த்தது. 2019 ஜூலையில் மலேசியா கொண்டுவந்த சர்க்கரை வரியில் பால் பானத்துக்கு எல்லை 100 மில்லிக்கு 7 கிராம், அதைத் தாண்டினால் வரி. இன்சுலின் சரியாக வேலை செய்யாத பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரியது. சின்னப் புட்டிதானே என்பார்கள். சரி, ஒன்றோடு நிறுத்துகிற பிள்ளை யார்?

தயிரில் புரதமும் கூடுதல், பசி அடங்கும். என் ஓட்டு அதற்கே. ஆனால் தயிர் தானாக எடையைக் குறைத்துவிடாது. தே தாரேக்குக்கு, அதாவது இனிப்பான ஆற்றிய பால் தேநீருக்கு, பதிலாக மோர் குடித்தால் கணக்கு மாறும். அதோடு சேர்த்துக் குடித்தால் கலோரிதான் ஏறும். அப்புறம், மோரில் உப்பை அளவாகப் போடுங்கள்.