ஏழு நாள் மாத்திரை டப்பா: வலிப்பு, மனநல மாத்திரைகளுக்குச் சரிப்படுமா?

கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் மெடிக்கலில் கிடைக்கிற ஏழு நாள் டப்பாதான் இது. நாளுக்கு 4 அறை, மொத்தம் 28. சுகர், பிரஷர் மாத்திரைக்குப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. வலிப்புக்கோ மனநலத்துக்கோ சாப்பிடுகிறவர்கள் மட்டும், போட்டு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அட்டையிலும் உள்ள மருந்தின் பெயரைப் படித்தே ஆக வேண்டும்.

முதல் சிக்கல் சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து. கல் உப்பு மாதிரி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அட்டையிலிருந்து பிரித்துப் போட்டால், ஆடிச் சாரல் அடிக்கும் பொள்ளாச்சிப் பக்கம் பிசுபிசுத்துவிடும். வால்பாறையைச் சொல்லவே வேண்டாம். கார்பமசெபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து அதைவிட மோசம், ஏனென்றால் கெட்டது கண்ணுக்குத் தெரியாது. ஈரம் ஏறினால் மாத்திரை இறுகி, வயிற்றில் சரியாகக் கரையாது. திறனில் மூன்றில் ஒரு பங்குகூடப் போய்விடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1990-லேயே எச்சரித்தது. வேளை தவறாமல் சாப்பிட்டும் வலிப்பு வந்தால், மாத்திரையை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வாயில் கரையும் ஒலான்சபின் என்ற மனநல மாத்திரையையும் பிரித்து வைக்கக் கூடாது. லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்தின் சாதா மாத்திரை ஒரு வாரம் தாங்கும்.

இதற்கு வழி இருக்கிறது. அட்டையைக் கத்தரியால் ஒவ்வொரு குமிழாக வெட்டி, அப்படியே அறையில் போடலாம். வால்ப்ரோயேட் 500 மில்லிகிராம் குமிழ் பெரியது. சின்ன டப்பாவில் மூடி மூடாது, அதனால் அகல அறை உள்ளதாக வாங்குங்கள். வெட்டிய மூலைகளை உருட்டிவிடுங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்: அட்டையோடு விழுங்கி உணவுக்குழாய் கிழிந்தவர்கள் உண்டு.

டப்பாவின் எழுத்தும் தொல்லைதான். ஆங்கில முதலெழுத்து மட்டும் போட்டிருந்தால் செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்து, சனியும் ஞாயிறும் ஒரே எழுத்து. பிளாஸ்திரி ஒட்டி, தமிழில் எழுதிவிடுங்கள். பனியன் கம்பெனியிலும் தறியிலும் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குப் 'படுக்கும்போது' என்ற அறை காலையில் வரும். வேளைப் பெயரை அழித்துவிட்டு காலை 8 மணி, இரவு 8 மணி என்று எழுதினால் குழப்பமில்லை.

எங்கள் கணக்கில் இந்த டப்பா காசுக்குத் தகும் இடம் ஒன்று உண்டு: விட்டுப்போன வேளையை மறைக்காமல் காட்டிவிடும். குளோசபின் என்ற மனநல மருந்து போட்ட அறைகள் 48 மணி நேரத்துக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால், பழைய அளவை அப்படியே எடுக்கக் கூடாது. பிரஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரும், வலிப்பே வரலாம், டாக்டர் 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்பவும் ஏற்றுவார். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து ஐந்து நாள் போல விட்டுப்போனாலும் அதே கதைதான், முழு அளவில் தொடங்கினால் தோல் உரிகிற அளவுக்கு அலர்ஜி வரலாம். விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே வாயில் போடுவது எந்த மருந்துக்கும் ஆகாது.

குறை சொல்ல வேண்டுமென்றால் மூடிதான். குழந்தை விரல் பட்டாலே திறந்துகொள்கிறது. ஒரு நாளுக்கான குளோசபினே ஒரு சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பூட்டுள்ள பீரோவில், அடுப்படிக்கும் குளியலறைக்கும் தள்ளி வையுங்கள்.