மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு லீக்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில், நியூயோர்க்கில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் மட்ச் நமக்குக் காலை ஆறு மணி. அந்த நேரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் மனைவி இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள், மகன் ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருப்பான், நான் காலி வீதி அடைபடுமுன் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன். லொஸ் ஏஞ்சலிஸ் மட்ச் என்றால் காலை ஒன்பது. ஒன்பதுக்கு நான் கொள்ளுப்பிட்டியில், மேசைக்கு முன்னால், மேனேஜரின் கண்ணுக்கு நேரே. இருபது வருடமாக என்பிஏ ரசிகன் என்று சொல்லித் திரிகிறேனே தவிர, முழுதாகப் பார்த்த ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் படுக்கப் போகுமுன் பார்த்த பத்து நிமிடச் சுருக்கம்.

அவுஸ்திரேலியாவின் கூடைப்பந்து லீக்கான என்பிஎல்லைப் பற்றி எழுதத் தோன்றியதே இந்த மணிக்கணக்கால்தான். அங்கே கோடைக்கு மணியை முன்தள்ளி வைப்பதால் சிட்னியில் இரவு ஏழரை நமக்குப் பகல் இரண்டு மணி. பேர்த்தில் ஏழரை என்றால் நமக்கு மாலை ஐந்து. சனிக்கிழமை சோறு சாப்பிட்டு, கையைக் கழுவி, மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டால் மட்ச் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் முடிந்தும்விடும். பிளேன்ரீ குடித்துவிட்டுச் சந்தைக்குப் போய் மீன் பார்க்க நேரம் இருக்கும். சீசன் ஏறத்தாழ செப்டெம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகிறது. அதாவது நம் ஒக்டோபர், நவம்பர் மழைப் பின்னேரங்கள் முழுக்க. வெளியே போக முடியாத நேரத்துக்கு வேறென்ன வேண்டும்?

இதைக் காட்டித் தந்தது மனைவியின் தம்பி. சிட்னியில், வென்ட்வேர்த்வில் பக்கம் இருக்கிறான். 2023 மார்ச்சில் ஒருநாள் அலுவலக நேரத்தில் வட்ஸ்அப் வீடியோ அழைப்பு. ஏதோ அவசரமாக்கும் என்று மாடிப்படிக்கு ஓடிப்போய் எடுத்தால், படத்தில் ஆள் இல்லை, கூரையும் வெளிச்சமும்தான். "அத்தான், சத்தத்தைக் கேளுங்கோ, சத்தத்தை மட்டும் கேளுங்கோ!" என்று கத்துகிறான். சிட்னி கிங்ஸுக்கும் நியூசிலாந்து பிரேக்கர்ஸுக்கும் இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம். ஒலிம்பிக் பார்க்கில், நம்மவர்கள் நிறைந்த ஹோம்புஷுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய அரங்கம். அன்று உள்ளே இருந்தவர்கள் 18,124 பேர், அதுவரை லீக் காணாத சாதனைக் கூட்டம். கிங்ஸ் வென்று தொடர்ந்து இரண்டாவது முறையாகக் கிண்ணம் தூக்கியது. நான் கேட்டது கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான். கிரிக்கெட்டும் கால்பந்தும் தின்னும் நாட்டில் கூடைப்பந்துக்கு இவ்வளவு சனமா என்று அன்றிரவே யூடியூபில் தேடினேன். மூன்று வருடமாகியும் வெளியே வரவில்லை.

என்னைப் பற்றி ஒரு சொல். நான் மட்டக்களப்பான். எங்கள் ஊருக்குக் கூடைப்பந்து பிடித்த கதை அமெரிக்க யேசு சபைப் பாதர்மாரோடு சேர்ந்தது. வெபர் பாதரின் பெயரில் இன்றும் மைதானம் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரி அண்ணன்மாரைப் பழக்கிய ஹெபர்ட் பாதர் 1990 ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து ஊருக்கு வரும் வழியில் காணாமல் போனார். போனவர் போனவர்தான். அவரிடம் பழகியவர்கள் எங்களைப் பழக்கினார்கள். சீமெந்துத் தரை, வெயிலில் கால் பொசுக்கும். பந்தைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை தரையில் தட்டினாலே கோட்டுக்கு வெளியிலிருந்து ஏச்சு விழும்: "குடுடா, குடுத்திட்டு ஓடு!" மறுகா (கொழும்பாருக்கு 'பிறகு' என்றால் விளங்கும்) வெட்டி ஓடி, திரும்ப வாங்கி, போட வேண்டும். தனியாளாகப் போய்ப் போட்டால் புள்ளி கிடைத்தாலும் பாராட்டு கிடையாது.

என்பிஎல் எனக்குப் பிடித்ததற்கு நேரம் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி இதுதான். நான் கற்ற ஆட்டம் இங்கே இருக்கிறது. என்பிஏ விதிகள் வேறு. இங்கே ஓடுவது உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகள், நம் பாடசாலைக் கோட்டில் ஓடிய அதே விதிகள். 2009 முதல் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு, மொத்தம் 40 நிமிடம். ஐந்து ஃபவுலோடு ஆள் வெளியே. என்பிஏயில் தடுக்கும் பக்கத்து நெட்டையன் யாரையும் மறிக்காமல் கூடைக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. இங்கே எவ்வளவு நேரமும் நிற்கலாம், நிற்கிறான். அதனால் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே பாய்ந்தால் சுவரில் மோதுகிறான். பந்து கை மாறித்தான் ஆகவேண்டும். 40 நிமிடம்தான் என்பதால் ஐந்தாறு தவறு செய்துவிட்டு மீள நேரமும் இல்லை. மூன்றாவது கால்பகுதியில் தூங்கி வழிகிற ஆட்டம் இங்கே குறைவு.

பிரைஸ் கொட்டனைப் பாருங்கள். உயரம் 185 சென்ரிமீற்றர், கூடைப்பந்துக் கணக்கில் குள்ளன். அமெரிக்கன். என்பிஏயில் ஊன்ற முடியாமல் மூன்று அணிகளுக்கு ஆடிவிட்டு 2017 தொடக்கத்தில் பேர்த் வைல்ட்கட்ஸுக்கு வந்தார். வந்து இரண்டே மாதத்தில் இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் 45 புள்ளி. அதன்பின் பேர்த்தில் இருந்தபோதே லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது ஐந்து முறை. அவர் பந்து போடுவதைப் பார்ப்பதைவிட, கையில் பந்து இல்லாதபோது என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் எனக்கு விருப்பம். மூலையில் சோம்பலாக நிற்பார். காவல்காரன் ஒருகணம் பந்துப் பக்கம் தலையைத் திருப்புவான். அந்தத் தலை திரும்புமுன் இவர் நெட்டையனின் இடுப்பை உரசிக்கொண்டு சுற்றி வந்து நிற்பார், பந்தும் வந்து சேரும், இரண்டு காலும் தரையைத் தொட்டுக் கிளம்புகிற அதே மூச்சில் பந்து போய்விடும். இதை மகனுக்கு மூன்று முறை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டிக் காட்டினேன். "அப்பா, டங்க் இல்லையா?" என்றான், எம்பிப் பாய்ந்து பந்தைக் கூடைக்குள் அடித்து இறக்குவதைக் கேட்கிறான். அவனுக்கு வயது பதினாலு, விட்டுவிடுவோம். எட்டு வருடம் பேர்த்தின் அடையாளமாக இருந்தவர் 2025 இல் அடிலெய்ட்டுக்கு மாறினார். பேர்த் ரசிகர்களின் மனநிலையை நான் விவரிக்கத் தேவையில்லை.

என் அணி எறும்பு. விளையாட்டாகச் சொல்லவில்லை, டஸ்மேனியா ஜக்ஜம்பர்ஸ் என்ற பெயரே அந்தத் தீவில் இருக்கிற ஓர் எறும்பினத்தின் பெயர். துள்ளித் துள்ளி வரும், கொட்டினால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும். நம் முசுறு இதற்கு முன்னால் பரம சாது. தீவு சிறியது, அணி 2021 இல்தான் லீக்கில் ஆடத் தொடங்கியது, முதல் சீசனிலேயே இறுதிச் சுற்றுக்குப் போய் கிங்ஸிடம் தோற்றது. மூன்றாவது சீசனில், 2024 மார்ச்சில், மெல்பேர்ன் யுனைட்டட்டோடு இறுதிச் சுற்று, ஐந்து ஆட்டத்தில் மூன்று வெல்ல வேண்டும். மூன்றாவது ஆட்டத்தை ஹோபார்ட்டில் ஆடுகிறார்கள். கடைசி விநாடிகள், எறும்புகள் ஒரு புள்ளி பின்னால். ஜக் மக்வேய் பந்தோடு வருகிறார், எதிரே கை நீட்டிக்கொண்டு ஆள். மூன்று புள்ளிக் கோட்டுக்கே இன்னும் தூரம் கிடக்கிறது, மனிதர் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றே எறிந்துவிட்டார். நான் பாயில் எழுந்து உட்கார்ந்து "ஐயோ விசரன்" என்று சொல்லி முடிக்குமுன் பந்து உள்ளே. 93–91. சமையலறையிலிருந்து மனைவி "யாருக்கு என்ன?" என்று ஓடி வந்தாள். தொடர் ஐந்தாவது ஆட்டத்துக்குப் போனது, மெல்பேர்னில், அவர்கள் கூட்டத்துக்கு நடுவில். 83–81. எறும்புக்குக் கிண்ணம்.

சரி, குறைகளுக்கு வருவோம். முதலாவது, பத்தே அணிகள். ஜனவரி வருவதற்குள் எந்த அணி எந்தச் சூழ்ச்சியை எப்போது எடுக்கும் என்று நமக்கே மனப்பாடம். ஆனால் இதில் ஒரு லாபமும் உண்டு, பகை முற்றுகிறது. இரண்டாவது, ஒரு பெடியனை விரும்பத் தொடங்கினால் அடுத்த வருடம் ஆள் இல்லை. 2018 இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்' திட்டத்தில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வேண்டாம் என்கிற இளைஞர்களை எடுத்து ஒரு வருடம் ஆடவிட்டு என்பிஏக்கு அனுப்புகிறார்கள். லமெலோ போல் என்ற அமெரிக்கப் பெடியன் 2019-20 இல் இலவாரா ஹோக்ஸுக்கு ஆடியது 12 ஆட்டம்தான். காயப்பட்டார், போனார், என்பிஏ அணிகள் புதியவர்களைத் தெரிந்தெடுக்கும் 2020 தெரிவில் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டார். இப்படியே ஜொஷ் கிடி அடிலெய்ட்டிலிருந்து போனார், அலெக்ஸ் சார் என்பவர் பேர்த்திலிருந்து போனார். லீக்குக்கு இது நல்ல வியாபாரம், ரசிகனுக்கு வாடகை வீடு.

அணிகளும் அப்படித்தான் இருந்திருக்கின்றன. 1979 இல் தொடங்கியதிலிருந்து ஒரு சீசன்கூட விடாமல் ஆடுவது இலவாரா ஒன்றுதான். அந்தச் சின்ன ஊர் அணி 2001 இல் ஒருமுறை வென்றுவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு 2025 வரை காத்திருந்தது. அந்த ரசிகர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு. கிங்ஸே 2008 இல் மூடப்பட்டு இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்த அணிதான். சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் என்று ஓர் அணி 2006 முதல் 2008 வரை இதே லீக்கில் ஆடியது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. கொழும்பிலிருந்து ஒரு விமானத் தூரத்தில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. 2015 இல் லரி கெஸ்டல்மன் என்ற தொழிலதிபர் லீக்கைக் கையில் எடுத்த பிறகுதான் கூட்டம், வெளிச்சம், வெளிநாட்டு வீரர்கள் எல்லாம் இந்த அளவுக்கு வந்தது என்கிறான் மைத்துனன். அதற்கு முன்னைய நாட்களை அவன் நேரில் பார்த்திருக்கிறான், அரைவாசி இருக்கை காலி என்கிறான்.

இனி கொழும்பிலிருந்து பார்ப்பது எப்படி? இதில்தான் என் பொறுமை போனது. நேரலைக்காக ஒரு வெளிநாட்டுச் செயலியில் காசு கட்டப் பார்த்தேன். பெயர் வேண்டாம். முதல் நாள் என் வங்கி அட்டையை வாங்க மறுத்தது. வங்கிக்கு அழைத்தால், ஓர் அம்மணி அன்பாகப் பேசி, வெளிநாட்டுக் கொடுப்பனவு வசதியைத் திறக்க ஒரு படிவம் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். நான்கு நாள் கழித்து அட்டை வேலை செய்தது, செயலி "உங்கள் பிராந்தியத்தில் இல்லை" என்றது. கடைசியில் மைத்துனன்தான் வழி செய்தான்: சனிக்கிழமைகளில் அவன் வீட்டு டிவிக்கு முன்னால் போனை நிறுத்தி வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவான். படம் கொஞ்சம் சரிவாக இருக்கும். இடைவேளைகளில் அவன் பிள்ளைகள் திரையைக் கடந்து போவார்கள். ஒருமுறை நான்காவது கால்பகுதியில், இரண்டு புள்ளி வித்தியாசம், மருமகள் போனைத் தூக்கிக்கொண்டு போய் எனக்குத் தன் புதுப் பூனையைக் காட்டினாள்.

இந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. உங்களுக்கு என் பரிந்துரை யூடியூப். லீக்கின் சொந்தச் சனலில் ஒவ்வொரு ஆட்டத்தின் சுருக்கமும் அதிக நேரம் போகாமல் வந்துவிடுகிறது, பழைய ஆட்டங்களும் கிடக்கின்றன. படத்தரத்தை 480 இல் வைத்தால் டேட்டா கையைக் கடிக்காது, பந்தும் தெரியும். 360 இல் வைத்தால் பந்து தெரியாது, ஆட்கள் காற்றைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை: சுருக்க வீடியோவின் அட்டைப் படத்தில் கிண்ணத்தோடு நிற்பவனைப் பார்த்தவுடன் முடிவு தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அமர்த்துங்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன். பறந்து பறந்து டங்க் அடிப்பதைத்தான் கூடைப்பந்து என்று நினைப்பவருக்கு மூன்று. பாடசாலையில் ஒருமுறையாவது சீமெந்துத் தரையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டவருக்கு நாலரை. ஒரே ஓர் ஆட்டம் பார்க்கத்தான் நேரம் என்றால் 2024 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தை எடுங்கள், முடிவு தெரியாமல் பார்த்தால்தான் ருசி. மேலே நான் ஸ்கோரைச் சொல்லிவிட்டேன் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மன்னிக்கவும், மூன்றாவது ஆட்டத்தையும் சேர்த்து.