டிசம்பர் லீவுக்கு யாழ்ப்பாணம் போறவைக்கு

லண்டன், கனடாப் பள்ளிக்கூட லீவைப் பார்த்து டிக்கெட் போட்டால் ஊரில் மாரிக்குள்தான் இறங்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலமும் இதுதான். புரேவிப் புயல் கரையேறியது 2020 டிசம்பர் 2 இல்.

முதலில் அடிபடுவது கடற்பயணம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். காற்று எழும்பினால் படகு ஓடாது, இரவு அங்கேயே தங்க வேண்டியதுதான். நெடுந்தீவைப் பயணத்தின் தொடக்கத்திலேயே முடியுங்கோ, பிளேன் ஏறும் நாளுக்குக் கிட்ட வைக்க வேண்டாம். நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலையும் மாரியில் நம்ப ஏலாது. 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கிச் சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்தினார்கள், திரும்ப ஓடியது 2024 ஓகஸ்டில்.

ஓகஸ்ட் அளவில் வரும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போறவைக்கு மழைப் பயம் இல்லை, சோளகம் எனும் தென்மேற்குக் காற்றுதான் தொல்லை. தென்மேற்குப் பருவம் மழையை மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் கொட்டிவிடும். வடக்குக்கு வெறும் காற்றும் புழுதியும்தான் மிச்சம், தீவுப்பக்கக் கடலும் குழம்பும். அதே மாதங்களில் கிழக்குக் கரையின் நிலாவெளி, பாசிக்குடாக் கடல் குளம்போலக் கிடக்கும். கடல் குளிக்க ஆசையென்றால் அங்கே போங்கோ.

கிணற்றுத் தண்ணீரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக மழைத்தண்ணீர் வடிபடாமல் இறங்கும், மலசலகூடக் குழிக் கழிவும் அதோடு சேர்ந்து கிணற்றுக்குப் போகும். கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும், நன்றாகக் கொதித்துக் குமிழி எழும்பிய பிறகு ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கோ. தோட்டத்து உரத்தால் சேரும் நைத்திரேற்றுக்கு இது சரிவராது, கொதிக்கக் கொதிக்க அது செறியும். கைக்குழந்தையின் பால்மாவுக்குப் போத்தல் தண்ணீர்தான்.

டெங்கு மழையோடு ஏறி, மழை விட்ட பிறகும் ஜனவரியில் நிற்கும். அந்த நுளம்பு பகலில் கடிக்கும், இரவு வலை மட்டும் போதாது. காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுறூபன் இரத்தக்கசிவைக் கூட்டும். வயலுக்குள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரில் உயிர்களையும் எடுத்தது.

நாளைத் தெரிவுசெய்ய முடிந்தவை தைப்பொங்கல் கழிந்து, பங்குனி வெயில் ஏற முன் போய் வாருங்கோ. டிசம்பரைத் தவிர்க்க ஏலாதவை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐப் போனில் பதிந்து வையுங்கோ, பாஸ்போட்டைத் தண்ணீர் புகாத பையில் போடுங்கோ.