இரவு ஒன்பது மணிப் பழைய பாடல்களில் புதிய குரல்கள்

பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போது அன்றைய கடைசி மல்பெரித் தழையை இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் போட்டு முடிக்க முடியும். பாலக்கோடு பக்கத்தில் உள்ள எங்கள் வளர்ப்பு மனையில், அந்த வேலைக்குத் துணையாக நான்கு மாதங்களாக ஓர் இணைய வானொலியின் பழைய பாடல் நிகழ்ச்சியைக் கேட்டு வருகிறேன். 9 மணி முதல் 11 மணி வரை நடக்கும் அந்த நிகழ்ச்சியில், 1950களிலும் 60களிலும் வந்த திரைப்பாடல்களை மூல ஒலிப்பதிவில் பாதியும், இன்றைய இளம் பாடகர்கள் மீண்டும் பாடிய பதிவுகளில் பாதியுமாகக் கலந்து ஒலிபரப்புகிறார்கள். மாதச் சந்தா கட்டினால் விளம்பரம் இல்லை.

முதலில் வசதியைச் சொல்லிவிடுகிறேன். வினாடிக்கு 64 கிலோபிட் என்ற தரத்தில் கேட்டால் மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் டேட்டாதான் செலவாகிறது. எங்கள் ஊரில் சிக்னல் ஒரு நிமிடம் விட்டுப்போனாலும் செயலி தானாகவே மீண்டும் தொடங்கிக்கொள்கிறது. இந்த வகையில் குறை ஏதும் இல்லை.

பழைய பாடல்களைப் புதியவர்கள் பாடவே கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். இந்த நிகழ்ச்சியில் நான் கேட்டவற்றில் மிகச் சிறந்தது, ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’ பாடலை ஓர் இளம்பெண் ஒற்றை கிடாரின் துணையோடு பாடியதுதான். 1961இல் ‘பாக்கியலட்சுமி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடிய அந்தப் பாடல் சந்திரகௌன்ஸ் ராகத்தில் அமைந்தது. அந்த ராகத்தின் ஏக்கத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை எந்தப் பாடகருக்கும் எழும். இந்தப் பெண் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ‘பொழுதின்’ என்ற சொல்லில் ழகரம் பழத்தின் தோல் உரிவதுபோல் இயல்பாக வந்தது. மூச்சை மூலப் பாடலில் எங்கே விட்டார்களோ அங்கேயே விட்டார். வரிகளின் முடிவில் தன் திறமையைக் காட்டும் சங்கதி, அதாவது மெட்டை மாற்றி இழைக்கும் அலங்காரம், ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. தழைக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டேன்.

இதற்கு நேர்மாறானது ‘சிங்காரவேலனே தேவா’. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகி பாடிய அந்தப் பாடலில், காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் வெறும் பக்கவாத்தியமாக வருவதில்லை; குரல் ஒன்றைச் சொல்ல, நாதஸ்வரம் அதற்கு விடை சொல்ல, பாடலே ஓர் உரையாடலாக வளர்கிறது. நிகழ்ச்சியில் ஒலித்த புதிய பதிவில் நாதஸ்வரம் இருந்த இடமெல்லாம் கீபோர்டில் தட்டிய ஓசை இருந்தது. பாடியவரின் குரலில் பிழை இல்லை, சுருதி சுத்தமாகவே இருந்தது. ஆனால் விடை சொல்ல எதிரில் ஆள் இல்லாத உரையாடலாக அது தனித்து நின்றது. அக்காலத்தில் பெரும்பாலும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக இருந்து பதிவு செய்தார்கள். இன்று தனித்தனியாகப் பதிந்து கணினியில் சேர்க்கும்போது, ஒருவர் மற்றவரைக் கேட்டுப் பாடுகிற அந்த நெருக்கத்தைத் திரும்பக் கொண்டுவர மிகுந்த உழைப்பு வேண்டும். அமெரிக்காவில் ராக் பாடகியாகப் புகழ்பெற்றிருந்த லிண்டா ரான்ஸ்டாட், 1983இல் பழைய தலைமுறையின் பாடல்களைப் பாட முடிவு செய்தபோது, ஃபிராங்க் சினாட்ராவுக்கு இசைக்கோப்பு செய்த நெல்சன் ரிடிலையே தேடிச் சென்று அவருடைய இசைக்குழுவோடு பாடினார். புதுக் குரலுக்குப் பின்னால் அந்தக் காலத்து இசையை அறிந்த கை ஒன்று இருந்தாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனி, இந்தச் சேவையில் என்னை உண்மையாகவே வருத்துகிற குறைக்கு வருகிறேன். யார் பாடுகிறார்கள் என்று அறிவிப்பாளர் சொல்வதே இல்லை. ஓர் இரவு ‘காலங்களில் அவள் வசந்தம்’ தொடங்கியது. கைப்பேசித் திரையில் பி. பி. ஸ்ரீநிவாஸ் பெயரும், 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தின் காட்சியும் தெரிந்தன. தழை நறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா, முதல் வரி முடிவதற்குள் தலையை நிமிர்த்தி, “இது அவர் குரல் இல்லையேப்பா” என்றார். அவர் சொன்னது சரி. ஸ்ரீநிவாஸ் மைக்குக்கு அருகில் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைப்போல் பாடிய பாட்டை, திரையில் பெயர் தெரியாத இளைஞர் ஒருவர் மேடைக்கச்சேரி போல உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். அகில இந்திய வானொலியிலும் இலங்கை வானொலியிலும் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர் என்று சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த காது அம்மாவுடையது. அதை ஏமாற்ற முடியவில்லை. ஆனால் அந்தப் பாடலை அன்றுதான் முதன்முறையாகக் கேட்ட பத்து வயதுக் குழந்தை ஒன்று, அந்தக் குரல்தான் ஸ்ரீநிவாஸ் என்று நம்பியிருக்கும். மூலப் பாடகருக்கும், உழைத்துப் பாடிய அந்த இளைஞருக்கும் ஒருசேர இழைக்கப்படும் அநீதி இது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, அதன்படி செய்யப்படும் மறுபதிவுகளுக்குத் தெளிவான நிபந்தனைகளை விதிக்கிறது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். இது மறுபதிவு என்று இசைத்தட்டின் உறையில் அச்சிட வேண்டும். முந்தைய பாடகரின் பெயரோ படமோ உறையில் இடம்பெறக் கூடாது. இணைய வானொலிக்கு உறை ஏது? கைப்பேசித் திரையும் அறிவிப்பாளரின் வாயும்தான் அதற்கு உறை. “முதலில் பாடியவர் இன்னார், இப்போது நீங்கள் கேட்கப்போவது இன்னார் குரலில்” என்று சொல்ல ஐந்து வினாடி போதும். அப்படிச் சொல்லியிருந்தால், மாலைப் பொழுதைப் பாடிய அந்தப் பெண்ணின் பெயரை நானும் இங்கே எழுதியிருப்பேன்.

சரணங்களை வெட்டுவதும் உண்டு. மறுபதிவுகள் பலவற்றில் பல்லவியும் ஒரே ஒரு சரணமும்தான் இருக்கின்றன. கண்ணதாசனின் கருத்து இரண்டாம் சரணத்தில் போய் முற்றுப்பெறும் பாடல்களுக்கு இது பெரிய இழப்பு.

நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். மின்னஞ்சல் கிடைத்தது என்ற தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. ஆண்டுச் சந்தாவுக்கு மாறினால் இரண்டு மாதக் கட்டணம் மிச்சமாகும் என்றாலும், பெயர் சொல்லும் வழக்கம் வரும்வரை மாதச் சந்தாவிலேயே தொடர்வதாக இருக்கிறேன். அம்மா மட்டும் இப்போது தமது பக்கத்துப் புழுத் தட்டுகளுக்கு அருகே சின்ன ரேடியோவை வைத்துத் தர்மபுரி பண்பலையைக் கேட்கிறார்.