உலர் எலக்ட்ரோடு இ.இ.ஜி ஹெட்செட்: 2 ஆண்டு உழைத்த பிறகு

விலை இறங்கியிருக்கிறதே, இரட்டை வேலைச் சோதனைக்கு, மூளையின் மின் அலைகளைப் பதியும் இந்த எட்டு சேனல் ப்ளூடூத் இ.இ.ஜி ஹெட்செட் போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தேய்ந்துபோன இரண்டு எலக்ட்ரோடு முனைகளைப் போன வாரம்தான் மாற்றியது. அந்தச் சூட்டோடு பதில்.

மாட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஜெல் தொப்பி அரை மணி நேரம் விழுங்கும் இடத்தில் இதற்கு ஐந்து நிமிடம். சீப்புப் பல் போன்ற முனைகளை இடவலமாக லேசாக அசைத்தால் முடியை விலக்கித் தோலைத் தொட்டுவிடும். வெள்ளி குளோரைடு பூச்சு தேய்ந்தால் திரையில் அலைக்கோடு நிலையாக நிற்காமல் மிதக்கத் தொடங்கும். முனையை மாற்றத்தான் வேண்டும்.

எரிச்சல் எல்லாம் நேரக் குறியில், அதாவது ஒலி எழுந்த கணத்தைப் பதிவில் குறிக்கும் அடையாளத்தில்.

சோதனை தெரிந்ததுதான். திரையில் வண்டி ஓட்டிக்கொண்டே பீப் ஒலிகளில் அபூர்வமானதை மட்டும் எண்ண வேண்டும். 250 பீப்பில் 50 மட்டும் 2000 ஹெர்ட்ஸ், மீதி 1000 ஹெர்ட்ஸ். அபூர்வ ஒலிக்கு 300 மில்லிவினாடியோ சற்றுக் கூடுதலோ கழித்து, பின்னுச்சியில் பி-இசட் எனப்படும் எலக்ட்ரோடு புள்ளியில், பி300 என்ற மூளை அலை எழும். ஓட்டுவது கடினமானால் பீப்புக்கு மிஞ்சும் கவனம் குறைந்து அலை குட்டையாகும். அந்த 50 பதிவில் கண் சிமிட்டல் கலந்ததைக் கழித்து 36 தேறினால், அவற்றின் சராசரியில் இரைச்சல் ஆறில் ஒரு பங்காகும்.

இந்த ஹெட்செட்டோ, ப்ளூடூத் பாக்கெட் வந்துசேர்ந்த நேரத்தை வைத்துக் குறி போடுகிறது. ஒரு பீப்புக்கு 30 மில்லிவினாடி தள்ளி, அடுத்ததற்கு 90. எப்போதும் 60 என்றால் கழித்துவிட்டுப் போகலாம். மாறிக்கொண்டே இருந்தால் 36 அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல், சராசரி அகன்று உயரம் குறைகிறது. கவனம் பிரிந்தாலும் அதே உயரம்தானே குறையும்! கடினமான கட்டத்தில் கம்ப்யூட்டரும் திணறினால் தள்ளாட்டம் இன்னும் கூடும். அந்தத் திணறல் ஆளின் மூளைக் கணக்கில் ஏறிவிடும்.

மாற்று வழி, வெளிச் சமிக்ஞையை மூளை அலையோடு சேர்த்தே பதியும் ஆக்ஸ் உள்ளீடு. ஒலியின் இடது தடத்தில் பீப். வலது தடத்தில் அதே கணத்தில் 40 ஹெர்ட்ஸ் துடிப்பு. இடது தடம் காதுக்கு, வலது தடம் ஆக்ஸுக்கு. பீப்பையே ஆக்ஸுக்கு அனுப்பினால் எதுவும் பதியாது: 250 ஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் 1000 ஹெர்ட்ஸை வடிகட்டி தின்றுவிடும். ஆக்ஸ் மில்லிவோல்ட் அளவே தாங்கும் என்பதால் 100 கிலோ ஓம், 100 ஓம் மின்தடைகளால் சமிக்ஞையை ஆயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். நடுவே, நேரடி மின்தொடர்பு இல்லாமல் சமிக்ஞையை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், லேப்டாப்பும் சார்ஜர் இல்லாமல் ஓட வேண்டும். மறுமுனையில் இருப்பது மனிதத் தலை. ஏற்கெனவே பதிந்த தரவாக இருந்தால் அலையின் உச்ச உயரத்தை விட்டுவிட்டு, 300 முதல் 700 மில்லிவினாடி வரை அலையின் பரப்பை அளந்தால் ஓரளவு தப்பலாம்.

நேரக் குறியே தேவைப்படாத வேலையில் மட்டும் இது தங்கம். நடுநெற்றிக்கு மேலே 4–7 ஹெர்ட்ஸ் தீட்டா அலை, தலையின் பின்னால் 8–12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை. வேலை கூடும்போது முன்னது ஏறுவதும் பின்னது இறங்குவதும், இரண்டு நிமிடப் பதிவைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அழகாகத் தெரிகிறது.

கூடவே வரும் ஆப் காட்டும் ‘கவனம்’ சதவீதத்தைத் திறக்கவே வேண்டாம். பல்லைக் கடித்தால் ஏறுகிறது. தாடைத் தசையின் மின்னோட்டம் 13–30 ஹெர்ட்ஸ் பீட்டா அலையில் கலப்பதை அது பிரித்தறிவதே இல்லை.

பி300 பார்க்கத்தான் என்றால், நண்பரே, வாங்காதீர்கள். இங்கே இருப்பதை விற்கச் சொல்லியும் கேட்காதீர்கள். அடுத்த இரண்டு முனைகளுக்கு ஆர்டர் போட்டாயிற்று.