வெள்ளவத்தை தொடர்மாடிக்கு பைபரா, 4ஜி ரவுட்டரா?

வீட்டு இணையத்துக்கு எதை எடுப்பது? முதலில் முடிவு: கட்டடத்துக்குள் கேபிள் ஏற வழி இருந்தால் பைபர், அதாவது ஒளியில் தரவைக் கொண்டுவரும் கண்ணாடி இழை, எடுங்கள். வழி இல்லாவிட்டால்தான் கைபேசிக் கோபுரத்தில் இயங்கும் 4ஜி. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் தூண் வரை வந்த பைபர், ஐந்தாம் மாடிக்கு ஏற முடியாமல் நிற்பதுதான் இங்குள்ள சிக்கல். பழைய தொடர்மாடிகளில் தொலைபேசி வயருக்கு விட்ட குழாய் அடைத்துப்போயிருக்கும். வெளிச்சுவரால் இழுக்க முகாமைத்துவக் குழு விடாது. ஆகவே விண்ணப்பிக்க முன்னர் குழுவின் அனுமதிக் கடிதத்தை வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் கடிதத்தையும் சேர்த்து.

பொருத்த வருபவரிடம் இழையில் வந்து சேரும் ஒளிச் சக்தி அளவை (டிபிஎம் அலகில்) கேட்டு எழுதி வையுங்கள். மைனஸ் 15க்கும் மைனஸ் 24க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டி 28, 29 என்று போனால் இணைப்பு அடிக்கடி அறுபடும். பெரும்பாலும் காரணம் கதவு நிலையில் மடித்து ஆணி அடித்த இழை, அல்லது அழுக்கான கனெக்டர். பைபர் பெட்டியில் 'லொஸ்' (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை நிறுத்திப் போடுவதால் அது சரியாகாது.

இரவு ஒன்பது மணிக்கு வேகம் விழுகிறதா? உடனே நிறுவனத்தைத் திட்ட வேண்டாம். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஜீபொன் (GPON) முறையில் இழை ஒன்றில் இறங்குவது நொடிக்கு ஏறக்குறைய 2.5 ஜிகாபிட், அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டாலும் எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. மடிக்கணினியை லேன் வயரால் இணைத்துச் சோதியுங்கள். வயரில் வேகம் சரியாக இருந்தால் குற்றவாளி வைஃபைதான். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றே: 1, 6, 11. அதில் முழுத் தொடர்மாடியும் அடிபடுகிறது. 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஆனால் அது இரண்டு கொங்கிறீட் சுவரைத் தாண்டாது. படிக்கும் அறைக்கு ஒரு கெட் 6 (Cat 6) லேன் வயர் இழுப்பதே கெட்டிக்காரத்தனம்.

பைபரில் ஒரு குறை உண்டு. பழைய செப்பு லைன் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின் வந்தது. பைபர் பெட்டி மின்வெட்டில் உடனே செத்துவிடும், அதோடு வீட்டுத் தொலைபேசியும். தனியே இருக்கும் வயதானவர்களின் வீட்டில் பெட்டிக்கு மின் கொடுக்கும் சிறிய பற்றரி, அதாவது டிசி யூபிஎஸ் ஒன்று அவசியம். அடப்டரில் எழுதியுள்ள வோல்ட், அம்பியரைப் பார்த்தே வாங்குங்கள்.

4ஜி என்றால் ரவுட்டரைக் கடல் பக்க யன்னலில் வைக்காதீர்கள். கடலில் கோபுரம் கிடையாது! காலி வீதிப் பக்கம் வைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (RSRP) எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90க்கு மேல் (மைனஸ் 80 போல) என்றால் திருப்தி. மைனஸ் 110க்குக் கீழ் (மைனஸ் 115 போல) போனால் பிள்ளையின் இணையவழி வகுப்பு நடுவில் உறையும். டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 2 மெகாபிட் இழுக்கும் வீடியோ வகுப்பு மணிக்கு 900 மெகாபைட் தின்னும். நாளுக்கு நான்கு மணி, மாதம் 22 நாள் என்றால் ஒரு பிள்ளைக்கே ஏறக்குறைய 79 ஜிபி.

2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த செய்மதி இணையமான ஸ்டார்லிங்குக்குத் திறந்த வானம் வேண்டும். மொட்டைமாடி அனுமதி இல்லாத தொடர்மாடிக்காரருக்கு அது உதவாது.

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துத் தோட்டங்களின், அதாவது நகரத்து ஏழைக் குடியிருப்புகளின், நிலை வேறு. வீடு நெருக்கம், தங்கள் பெயரில் வீட்டுப் பத்திரம் இல்லை, மாதக் கட்டணம் கட்ட முடியாது. கையில் இருப்பது ரீலோட் போடும் போன் மட்டும். அங்கே வீட்டுக்கு வீடு இணைப்பு என்று திட்டமிடுவதை விட, தோட்டத்துப் பொது மண்டபத்துக்கு ஒரு பைபர், வெளியே இரண்டு வைஃபை முனை, பூட்டக்கூடிய பெட்டி, யூபிஎஸ் என்று தொடங்கலாம். புதுக் கட்டடங்களிலோ, தண்ணீர்க் குழாயோடு சேர்த்து வீட்டுக்கு ஒரு 25 மில்லிமீட்டர் வெற்றுக் குழாயும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரை உடைப்பதோடு ஒப்பிட்டால் அதன் செலவு ஒன்றுமேயில்லை.

முறைப்பாடு செய்யும்போது நிறுவனம் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும், வயரில் எடுத்த வேகச் சோதனைகளையும் நேரத்தோடு வைத்திருங்கள். தீர்க்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதும்போது இவைதான் கைகொடுக்கும்.