படப் புத்தகம் என்று 18,500 ரூபாவைப் பறிகொடுத்தேன்: சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

எனக்குப் புத்தகம் விற்றவர்கள் இன்று காலை ஏழரை மணிக்கு என்னை வட்ஸ்அப்பில் தடை செய்துவிட்டார்கள். இத்தனை நாட்களாக "அக்கா, அக்கா" என்று அழைத்தவர்கள், கடைசியில் ஒரு சொல் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். 18,500 ரூபா போய்விட்டது. கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தால், அதற்குள் இன்னும் நாலு தாய்மார் அந்தக் கணக்குக்குக் காசு போட்டுவிடுவார்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன். சிறு பிள்ளைகளுக்குப் படப் புத்தகமும் செயற்பாட்டுப் புத்தகமும் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

என் மகனுக்கு மூன்றரை வயது. இந்த விஜயதசமிக்கு ஏடு தொடக்குவது என்று முடிவு செய்திருந்தோம். ஏடு தொடக்கி வந்த கையோடு அவனுக்கென்று நல்ல புத்தகங்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். நல்லூர்த் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் இரவிரவாகச் சேலைச் சட்டை தைத்துச் சேர்த்த காசு அது. திருவிழாவின் 25 நாளும் என் தையல் இயந்திரம் ஓய்ந்ததில்லை. அந்தக் காசை வேறு எதற்கும் தொடாமல் புத்தகத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அவர்களுக்குக் கடை என்று ஒன்று கிடையாது. முகநூலில் ஒரு பக்கம், ஒரு தொலைபேசி இலக்கம், ஒரு வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். சிறுவர் புத்தகங்களும் விளையாட்டுப் பொருட்களும் விற்பதாகப் போட்டிருந்தார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. இதே போன்ற பக்கங்கள் இன்னும் பல இருக்கின்றன, பெயரைச் சொல்லி ஒன்றை மூடினாலும் நாளை வேறொரு பெயரில் திறப்பார்கள்.

அவர்கள் போட்டிருந்த காணொளியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒரு பெண்ணின் கை தடித்த அட்டைப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறது. ஒரு பக்கத்தில் பெரிய வாழைப்பழம், அடுத்ததில் கோழியும் குஞ்சுகளும். இன்னொரு புத்தகத்தில் பேனையால் எழுதித் துணியால் துடைத்தவுடன் எழுத்து மறைந்துவிடுகிறது. "247 எழுத்துகளும் அடங்கிய தொகுதி, ஆறு புத்தகங்கள், 6,000 ரூபா" என்று கீழே எழுதியிருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு காசு அனுப்பவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டேன். பொதி கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறை இருக்கிறதா என்றேன். "யாழ்ப்பாணத்துக்கு அந்த வசதி இல்லை, அக்கா. மற்றைய ஊர்களுக்கு மட்டும்தான்" என்றார்கள். அந்த இடத்திலேயே நான் விலகியிருக்கவேண்டும். கொழும்பிலிருந்து துணி விற்பவர்கள்கூட யாழ்ப்பாணத்துக்குப் பொதி அனுப்பி, வாசலில் வைத்துக் காசு வாங்குகிறார்கள். எனக்கே தெரிந்த விஷயம். இருந்தும் ஏமாந்தேன். ஏன் என்றால், அன்றிரவு பத்து மணியளவில் ஒரு குரல் பதிவு வந்தது.

ஒரு பெண்ணின் குரல், நம்முடைய பேச்சு. "அக்கா, நானும் வடமராட்சிப் பக்கம்தான். எனக்கும் இரண்டு பிள்ளைகள். என் பிள்ளைகளுக்குத் தமிழில் நல்ல புத்தகம் கிடைக்காத வேதனையில்தான் இதைத் தொடங்கினேன். உங்கள் பிள்ளையும் என் பிள்ளை மாதிரித்தான்." அந்தப் பதிவின் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிணுங்கலை நம்பித்தான் நான் காசு அனுப்பினேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. அது உண்மையான குழந்தையா, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சத்தமா என்று இன்று யோசிக்கிறேன்.

ஒரு தொகுதியோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மகனுக்கு ஒன்று, சாவகச்சேரியில் இருக்கும் தங்கையின் இரண்டு வயது மகளுக்கு ஒன்று, மகன் போகும் முன்பள்ளிக்கு அன்பளிப்பாக ஒன்று என்று மூன்று தொகுதி கேட்டேன். மூன்று தொகுதிக்கு 18,000, கூரியர் செலவு 500. மொத்தம் 18,500 ரூபா. அன்றிரவே முழுவதையும் அவர்கள் தந்த கணக்குக்கு மாற்றிவிட்டு, பற்றுச்சீட்டின் படத்தையும் அனுப்பினேன். கணக்கு ஓர் ஆணின் பெயரில் இருந்தது. "அது என் கணவருடைய கணக்கு, அக்கா" என்றார்கள். அதையும் நம்பினேன்.

ஐந்து நாளில் வரும் என்றது பதினெட்டு நாள் கழித்து, விஜயதசமிக்கு முதல் நாள் மாலையில்தான் வந்தது. பிள்ளை வாசலிலேயே நின்று கைதட்டினான். அவனுடைய கையில் கத்தரிக்கோலைக் கொடுக்காமல் நானே பொதியை வெட்டினேன். வெட்டியவுடன் மூக்கில் அடித்த மை நாற்றத்திலேயே என் வயிறு கலங்கிவிட்டது.

தடித்த அட்டை இல்லை. நிழற்பிரதி எடுக்கும் சாதாரணத் தாளில் வர்ணத்தில் அச்சடித்து, நடுவில் இரண்டு கம்பி அடித்திருந்தார்கள். ஒரு புத்தகத்தில் கம்பியின் முனை மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை வாயில் வைக்கும் புத்தகம் அது! துடைத்து எழுதும் புத்தகத்துக்கு மேல் மெல்லிய பொலித்தீன் ஒட்டியிருந்தார்கள். பேனையால் ஒரு கோடு கீறித் துடைத்தேன். கோடு போகவில்லை, பொலித்தீன்தான் கழன்று வந்தது. ஸ்ரிக்கர் பக்கம் என்பது வெறும் தாளில் அச்சடித்த படங்கள், பின்புறத்தில் பசையே இல்லை. சிங்கத்தின் வயிற்றுக்கு மேலே யாரோ ஒரு படக்காரருடைய நீர்க்குறி சாம்பல் நிறத்தில் குறுக்காக ஓடுகிறது. எடுத்த இடத்தை மறைக்கக்கூட அவர்கள் மினக்கெடவில்லை.

தாளையும் கம்பியையும்கூட நான் பொறுத்திருப்பேன். எங்கள் தலைமுறை 1990களின் பொருளாதாரத் தடைக்குள் தாள் தட்டுப்பாட்டோடு படித்த தலைமுறை. பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் அம்மா எழுதிக் காட்டிய எழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன். தாள் மட்டமாக இருப்பது எனக்குப் பெரிதில்லை. அந்தத் தாளில் அம்மா எழுதிய எழுத்து சரியாக இருந்தது. இவர்கள் செய்திருப்பது அதில்லை.

முதற்பக்கத்தில் வாழைப்பழம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் "வாளைப்பளம்". பேரீச்சம்பழத்தின் படத்துக்குக் கீழே "திகதி". கிரிக்கெட் மட்டையின் படத்துக்குக் கீழே "வௌவால்". வர்ணங்கள் பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்துக்குத் "தோடம்பழம்". ஆங்கிலத்தில் கடைசி மூன்று சோடிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல் (date, bat, orange) என்பதால், யாரோ ஆங்கிலப் புத்தகத்தை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து, தமிழ் தெரிந்த ஒரு கண்ணுக்குக்கூடக் காட்டாமல் அச்சடித்திருக்கிறார்கள். 18 மெய்யெழுத்துகளில் ங் இரண்டு தடவை வருகிறது, ஞ் இல்லவே இல்லை. அ எழுதும் விதத்தைக் காட்டுகிற அம்புக்குறி கீழேயிருந்து மேலே ஏறுகிறது. மறுநாள் பச்சரிசியில் விரல் பிடித்து அ எழுதப்போகிற பிள்ளைக்கு இதையா நான் காட்டுவது?

கோழி என்ற பக்கத்தில் ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு தனியாகக் கழன்று, எழுத்துக்குப் பின்னால், புள்ளிகளால் ஆன ஒரு வெறும் வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் எழுத்தைப் போட்டால் இப்படித்தான் வட்டம் வந்து நிற்கும். என் மகன் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து, "அம்மா, இது என்ன எழுத்து?" என்று கேட்டான். கோழியை அவன் பார்க்கவே இல்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அடுத்த நாளிலிருந்து தொடங்கியது அலைக்கழிப்பு. பத்துப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். "ஐயோ அக்கா, அச்சகத்தின் பிழை. கேட்டுச் சொல்கிறேன்" என்றார்கள். இரண்டு நாள் சத்தமில்லை. மீண்டும் கேட்டபோது, "திறந்த பொதியைத் திரும்ப எடுப்பதில்லை, அது எங்கள் விதி" என்றார்கள். திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். பதில் இல்லை. நான்காம் நாள், அடுத்த தொகுதி வாங்கினால் 500 ரூபா குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். 18,500 ரூபாவை விழுங்கிவிட்டு 500 ரூபா!

ஆறாம் நாள் அதே பெண்ணின் குரலில் ஒரு பதிவு வந்தது. இந்த முறை குழந்தைச் சத்தம் இல்லை. "அக்கா, சின்னப் பிள்ளைகள் படத்தைத்தானே பார்ப்பார்கள்? எழுத்தையா பார்க்கப்போகிறார்கள்? இதைப் போய் ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறீர்கள்?"

இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது. காசை எடுத்தது ஒரு புறம். வாசிக்கத் தெரியாத பிள்ளைதானே, அதற்கு எதையும் கொடுக்கலாம் என்ற எண்ணம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத்தான் பிழையில்லாத புத்தகம் வேண்டும். வளர்ந்தவருக்குப் பிழை கண்ணில் படும், அவர் திருத்தி வாசிப்பார். பிள்ளைக்கு முதலில் காட்டுவதுதான் சரி. வாளைப்பளம் என்று காட்டினால் வாளைப்பளம்தான்.

அந்தப் பக்கத்தில் என் அனுபவத்தைக் கருத்தாக எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்தார்கள். என் கணவர் தன்னுடைய இலக்கத்திலிருந்து அவர்களை அழைத்தார். "பிழையான இலக்கம்" என்று ஓர் ஆண் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வங்கியில் கேட்டோம். நாங்களாக விரும்பி அனுப்பிய காசு, பெற்றவரின் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிட்டிருக்கிறேன். இன்று காலை, "முறையிட்டுவிட்டேன்" என்று அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அதன் பிறகுதான் தடை.

இந்தப் பதினெட்டுப் புத்தகங்களையும் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றும் வீடு எங்கள் வீடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். இந்தக் குப்பையைக்கூட அடுப்பில் போட மனம் வருகிறதில்லை.

எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஒன்றவில்லை, அவசரத்தில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டாமல் காசு கொடுக்காதீர்கள். பட்டணத்துக் கடையில் 200 ரூபா கூடினாலும் பரவாயில்லை. முன்கூட்டியே முழுக் காசு கேட்பவரிடம் வாங்கவே வேண்டாம். நிகழ்நிலையில்தான் வாங்கவேண்டும் என்றால், அவர்கள் போட்ட காணொளியை நம்பாமல், நீங்கள் சொல்லும் பக்கத்தை அந்த நேரத்திலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். ழ, ள, ல, ண, ன வரும் பக்கங்களையும், கொம்பு வைத்த எழுத்துகளையும் கேளுங்கள். பின்னட்டையில் வெளியீட்டாளரின் பெயரும் 978 என்று தொடங்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என் என்ற புத்தக அடையாள எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் பெற்ற எண் என்றால் அடுத்து 955 அல்லது 624 வரும். எண் இருப்பதால் மட்டும் புத்தகம் நல்லது ஆகிவிடாது, ஆனால் பிழை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்றாவது தெரியும். இரண்டு வயதுக்குத் தடித்த அட்டை, மழுங்கிய முனை, பக்கத்துக்கு ஒரு படம். கம்பி அடித்த புத்தகம் வேண்டவே வேண்டாம். கணக்கின் பெயரும் பேசுபவரின் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பொதியைத் திறக்கும்போது காணொளி எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை.

தங்கைக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன், அவள் தன் பங்குக் காசைத் தருவதாகச் சொன்னாள், நான் வாங்கவில்லை. முன்பள்ளிக்கென்று வாங்கிய தொகுதி மட்டும் தையல் இயந்திரத்துக்குக் கீழே பொதியோடு கிடக்கிறது. புத்தகம் வரப்போகிறது என்று ஆசிரியை பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். நாளை எட்டு மணிக்கு மகனைக் கொண்டுபோய் விடவேண்டும்.